தலைவர் மைக்கில் வாசித்த கடிதம்

தலைவருக்கு,

உங்கள் நினைவு மலருக்கு நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். பால் சங்கத்துக்காரர்கள் அனுப்பிய உறை இன்று காலையில் வந்தது. மலரின் அட்டைக்கென்று எடுத்து வைத்திருக்கும் புகைப்படத்தின் நகல் ஒன்றும் உள்ளே இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, மைக்கின் கழுத்தைப் பிடித்திருக்கும் கை என்று நீங்கள் முழுசாக இருக்கிறீர்கள். உங்களுக்கு இடப்பக்கம் நான் நின்றிருந்தேன். அட்டையின் அளவுக்கு வெட்டியதில் என் முழங்கையும், அதிலிருந்து தொங்கும் ரிப்பனில் ஒரு சாணும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. வெட்டியவருக்கு உங்களை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"உங்களைக் கண்டெடுத்து நாட்டுக்குக் காட்டியவர் அல்லவா, மனமுருகி எழுதுங்கள்" என்று ஒரு குறிப்பும் இருந்தது. மனம் உருகவில்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். மலருக்கு நாலு வரி தனியாகப் போகும். இது உங்களுக்கு.

கண்டெடுத்தவர் என்கிறார்கள். என்னைக் கண்டெடுத்தது சரோஜினி டீச்சர். கோழிக்கோட்டுக்காரர், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு டிரில் டீச்சராக மாற்றலாகி வந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில், கேரளப் பக்கத்து எல்லையூரான எங்கள் மீனாட்சிபுரத்தில் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்ட ஒரே ஆள் அவர்தான். பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது வெளிநாட்டுப் பெண்கள் சிலர் ஆடிக் காட்டியதைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து ருஷ்யப் பத்திரிகைகளில் வரும் படங்களை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். அந்த நோட்டுதான் எங்கள் பாடப்புத்தகம். பந்து, வளையம், கயிறு, ரிப்பன் என்று ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இசைக்கேற்ப ஒன்றரை நிமிடம் ஆட வேண்டும். கையிலிருக்கும் பொருள் ஒரு கணமும் சும்மா இருக்கக் கூடாது. ரிப்பன் தரையில் கிடந்தால் மதிப்பெண் போகும். முடிச்சு விழுந்தாலும் போகும்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. முதுகு வில் மாதிரி வளைந்தது, அவ்வளவுதான் என் தகுதி. பொள்ளாச்சியில் வாங்கிய சாட்டின் துணியை ஆறு மீட்டருக்கு ஒட்டுப்போட்டு டீச்சரே ரிப்பன் தைத்தார். மூங்கில் குச்சியின் நுனியில் தூண்டில் கடையிலிருந்து வாங்கிய ஒரு சுழல் கொக்கி. பள்ளிக்கூட வராந்தாவில் தினமும் விடிந்ததும் ஆரம்பிப்போம். டீச்சர் கஞ்சிரா தட்டுவார். மணிக்கட்டு வீங்கினால் விளக்கெண்ணெய் தடவிவிடுவார். "மோளே, ரிப்பன நீ இழுக்காதே. அதுக்கு எங்க போகணும்னு அதுக்கே தெரியும். நீ வழி காட்டினா மதி, அது போதும்" என்பார். நாலு வருடம் அப்படிப் போயிற்று. அந்த நாலு வருடத்தில் உங்கள் அம்பாசிடர் கார் அந்தப் பள்ளிக்கூட வாசலில் ஒரு தடவைகூட நின்றதில்லை.

நீங்கள் எப்போது வந்தீர்கள் தெரியுமா? நான் மாநிலப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய மறுநாள்.

அப்பா உங்கள் பால் சங்கத்தில் பால் அளந்துகொண்டிருந்தார். லாக்டோமீட்டரைப் பாலுக்குள் விட்டுப் பார்த்து, தண்ணீர் கலந்தவனைக் கண்டுபிடித்து, அதை வாய்விட்டுச் சொல்லப் பயந்து வாழ்ந்த மனிதர். நீங்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதும் அவர் தோளில் இருந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது.

"ஏம்ப்பா, இத்தன நாளா சொல்லவே இல்லயே?" என்று அவரைக் கேட்டீர்கள். பிறகு என் தலையில் கை வைத்து, தெருவில் கூடிவிட்ட கூட்டத்தின் பக்கம் திரும்பினீர்கள். "என்ற சங்கத்துப் பால் குடிச்சு வளந்த புள்ள. எலும்பப் பாரு, எப்புடி வளையுதுன்னு!"

எங்கள் வீட்டில் பால் காபிக்கு மட்டும்தான். ஆனாலும் நான் சிரித்தேன். அதையும் எழுத வேண்டும். உங்களைப் பார்த்து நான் நிறையச் சிரித்திருக்கிறேன்.

ஒரு மாதத்தில் மாவட்ட ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் ஒன்று முளைத்தது. தலைவர் நீங்கள். அலுவலக முகவரி உங்கள் வீடு. எனக்கு வரும் கடிதமெல்லாம் உங்கள் மேஜைக்குத்தான் வரும். சங்கத்தில் வீராங்கனை என்று இருந்தது நான் ஒருத்தி. இத்தனைக்கும் அந்த விளையாட்டின் பெயரைக் கடைசிவரை உங்களால் சொல்ல முடியவில்லை. "ரித்துமக்கு" என்பீர்கள். மைக்கிலும் அப்படியே சொல்வீர்கள். டீச்சர் இரண்டு தடவை திருத்தினார். மூன்றாவது தடவை உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து விட்டுவிட்டார்.

அதன் பிறகு நான் போட்டிக்குப் போனதைவிட உங்கள் காரில் போனதுதான் அதிகம். அரிசி ஆலைத் திறப்பு விழா, உங்கள் தங்கை மகன் கல்யாணம், மாட்டுச் சந்தை ஏலம். உடுமலைப்பேட்டை வழியாக மறையூருக்கு ஒரு தடவை கூட்டிப்போனீர்கள். உங்கள் கூட்டாளிகளான வெல்ல வியாபாரிகளின் விழா. சக்கரைப்பாகின் வாசனை அடித்துக்கொண்டிருந்த ஒரு களத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை ஆக்கியிருந்தார்கள். இறுக்கமான ஆட்ட உடையில் நான் வந்து நின்றதும் உங்கள் முகம் கறுத்தது.

"இதென்ன கண்ணு, பெரிய மனுசங்க உக்காந்திருக்கற சபையில? மேல பட்டுப் பாவாடை கட்டிக்க."

பட்டுப் பாவாடையோடு ஆடினேன். ரிப்பன் பாவாடை மடிப்புக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. சிக்கை எடுக்க நான் குனிந்தபோது, இதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நீங்கள் மைக்கில் விளக்கம் சொன்னீர்கள். ஜனம் கை தட்டியது.

மலைமேல் ஆனைக்கரையில் உங்கள் சம்பந்தியின் ஏலக்காய்த் தோட்டம். வேலை முடிந்து கூடையோடு நின்ற பெண்களை மறித்து உட்கார வைத்திருந்தீர்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரு அக்கா என்னிடம் வந்து ரிப்பனைத் தொட்டுப் பார்த்தார். "ஏ பிள்ள, நல்லாத்தான் சுத்துத. ஆனா ஒனக்கும் எங்கள மாதிரிதான், கூப்பிட்ட நேரத்துக்கு வரணும் போலுக்கே?" என்றார். அத்தனை மேடைகளிலும் எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அது. நீங்கள் அப்போது சம்பந்தியோடு சாப்பிட உட்கார்ந்திருந்தீர்கள்.

பிறகு மெட்ராஸில் தேசியப் போட்டி. இந்த விளையாட்டில் ஆடுபவருக்கு ஒரே ஒரு வாத்தியம்தான் வாசிக்கலாம் என்பது அந்தக் காலத்து விதி. டீச்சர் ஒரு ஹார்மோனியக்காரரை மூன்று மாதம் பழக்கி வைத்திருந்தார். கிளம்பும் அன்று அவரைக் காணோம். அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பொள்ளாச்சி பேண்டு செட்டில் ஐந்து பேரைச் சிவப்புச் சட்டையோடு வேனில் ஏற்றியிருந்தீர்கள்.

"தலைவரே, ஒரு வாத்தியம் மாத்ரம்தான் பாடுள்ளூன்னு நூறு தடவ சொன்னேனில்லே?" என்று டீச்சர் கேட்டார். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"அவுங்க சொல்லுவாங்க டீச்சர். கெத்தா எறங்குனா ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்க வண்டில ஏறுங்க."

கேட்டார்கள். நாலு பேரை வெளியே அனுப்பினார்கள். மிஞ்சிய கிளாரிநெட்காரருக்குத் தெரிந்ததெல்லாம் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்கும் மெட்டுகள். அதற்குத்தான் ஆடினேன், தலைவரே. மாப்பிள்ளை ஊர்வல மெட்டுக்கு ரிப்பனை ஆகாயத்தில் வீசி, ஒரு சுற்றுச் சுற்றி, முட்டி போட்டுக் குச்சியைப் பிடித்தேன். நாட்டில் இரண்டாம் இடம். நடுவர்களில் ஒரு அம்மாள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, "இந்தக் கைக்கு யார் இப்படி வாசித்தது?" என்று கேட்டார். பேண்டு செட் ஏற்பாட்டால் கிடைத்த வெற்றி என்று பேப்பரில் வந்தது. அந்தச் செய்தியைக் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டியதே இல்லை.

முதல் மூன்று இடத்தில் வந்தவர்களில் இரண்டு பேரை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், வடக்கே ஒரு முகாம் நடக்கும், கடிதம் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் டீச்சரும் தபாலுக்குக் காத்திருந்தோம். "கடுதாசி வந்துச்சுங்களா?" என்று தினமும் சங்கத்தில் உங்களைக் கேட்டுவரச் சொல்லி அப்பாவை நச்சரிப்பேன். அவர் கேட்டாரோ என்னமோ, "வந்தாச் சொல்லுவாரு சாமி" என்று மட்டும் திரும்பி வந்து சொல்வார்.

அந்த நாட்களில்தான் உங்கள் பால் குளிரூட்டும் நிலையத்தைத் திறக்க மந்திரி வருவதாக இருந்தது. நான் ஆட வேண்டும் என்று வழக்கம்போல உத்தரவு. புதுக் கட்டடத்துக்கு முன்னால் பந்தல். மந்திரி, கலெக்டர், சுற்றுப்பட்டு ஜனம் அத்தனையும். ஒரு பக்கம் பரிசுக் கறவைமாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி நிறுத்தியிருந்தார்கள். அவற்றுக்கு அடுத்ததாக என்னை நிறுத்தினீர்கள்.

நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். "ஒரு சந்தோசமான சேதி. இந்த மேடைலதான் சொல்லோணும்னு பதினோரு நாளா மனசுக்குள்ளயே வெச்சிருந்தேன். ஊட்ல கூடச் சொல்லல" என்றீர்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தீர்கள்.

இங்கிலீஷில் வாசித்தீர்கள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, தமிழில் சொன்னீர்கள். என் பெயர் வந்தது. மீனாட்சிபுரம் என்ற பெயர் வந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. எனக்குக் காது அடைத்துப்போய், சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. பிறகு, முகாமில் வந்து சேர வேண்டிய கடைசி நாள் என்று ஒரு தேதியை வாசித்தீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் தமிழில் சொல்லவில்லை. குரலை உயர்த்தி அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

அந்தத் தேதி முந்தாநாள்.

நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். மேடை ஓரத்தில் கஞ்சிராவோடு நின்ற டீச்சரைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் தப்பாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. அவர் உதடு மட்டும் அசைந்தது. "மோளே, இன்னிக்கு எந்தத் தேதி?" என்று கேட்டார். நான் விரலால் காட்டினேன். எனக்குக் கண்ணீர் கொட்டியது. நீங்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்து, என் தோளில் கை போட்டீர்கள். படம் பிடிப்பவர் அதைப் பிடித்தார். "ஆரம்பிக்கலாம் டீச்சர்!" என்றீர்கள். டீச்சர் கஞ்சிராவைத் தூக்கவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றார். நீங்கள் பேண்டு செட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள்.

வாத்தியம் ஆரம்பித்தது. ஜனம் கை தட்டிக்கொண்டே இருந்தது. நானும் ஆட ஆரம்பித்தேன்.

என் வாழ்க்கையில் நான் ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் அது. ஒரு முடிச்சு இல்லை, ஒரு இடத்திலும் ரிப்பன் தரையில் கிடக்கவில்லை. பந்தல் துணியை உரசிப் போன குச்சி என் கையில் வந்து உட்கார்ந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மந்திரி கலெக்டரிடம் காரை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வர்ணம் பூசிய மாடுகளில் ஒன்று மட்டும் மிரண்டு கயிற்றை இழுத்தது.

அன்றே டீச்சர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு என்னை ரயிலேற்றிக் கூட்டிப்போனார். மூன்று நாள் பயணம். முகாமில் இருந்த அதிகாரி அம்மாள் நல்லவர்தான். பட்டியல் மூடப்பட்டுவிட்டது, மூன்றாம் இடத்துப் பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வேலைகூட ஆரம்பித்துவிட்டது என்றார். "கடிதம் எப்போதோ அனுப்பினோமே, ஏன் வரவில்லை?" என்று கேட்டார். டீச்சர் வாயைத் திறந்தார். பால் குளிரூட்டும் நிலையத்தையும் மந்திரியையும் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். அந்த மூன்றாம் இடத்துப் பெண் வந்து, தனக்குக் கொடுத்திருந்த புது ரிப்பனை எனக்குச் சுற்றக் கொடுத்தாள். வெளிநாட்டு ரிப்பன், ஒட்டு இல்லாதது. இரண்டு சுருள் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஊர் திரும்பியதும் டீச்சர் நேராக உங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே நானும். நீங்கள் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"போனாப் போகுது கண்ணு" என்றீர்கள் என்னிடம். "அடுத்த வருசம் மந்திரிகிட்ட ஒரு வார்த்த சொல்லிக்கலாம்."

"தலைவரே, பதினோரு நாள் அந்தக் கத்த, அந்தக் கடிதத்த, பெட்டில பூட்டி வெச்சீங்களே, இந்தக் குட்டிக்கு எந்தினா இந்த துரோகம் செஞ்சீங்க?" என்றார் டீச்சர்.

நீங்கள் ஊஞ்சலை நிறுத்தவில்லை. "ஏனுங்க டீச்சர், நான் நல்லது நெனச்சுத்தான செஞ்சேன்? ஊரே சந்தோசப்பட்டுச்சு. உங்களுக்குத்தான் பொறுக்கல" என்றீர்கள்.

இரண்டு மாதத்தில் அவருக்குக் கண்ணூருக்கு மாற்றல் வந்தது. அந்த நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் குழு எதையும் யாரும் எங்கும் அனுப்பவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. தனியாகப் பழகி இன்னும் இரண்டு தடவை மாநிலத்தில் ஜெயித்தேன். இருபது வயதில் முதுகு சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. என் விளையாட்டு வாழ்க்கை அவ்வளவுதான். விளையாட்டு வீரர்களுக்கான இடத்தில் ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. அதற்கு நீங்கள் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில் ரிதமிக் என்பதைத் தப்பாகத்தான் எழுதியிருந்தீர்கள். அதை வாங்கிக்கொண்டு உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். என் கல்யாணத்தில் தாலியை எடுத்துக் கொடுத்ததும் நீங்கள்தான். உங்களை எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ அதில் பாதியாவது என்னையும் நினைத்திருக்கிறேன். அப்பா உங்களிடம் வேலை பார்த்தார் என்பதை எத்தனை வருடத்துக்குச் சாக்காகச் சொல்வது?

இருந்தாலும் ஒரு விஷயத்தில் உங்களை விட்டுவைத்திருந்தேன். நீங்கள் முட்டாள் என்று முடிவு செய்திருந்தேன். தேதியைப் படித்தும் புரியாத மனிதர், இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும் என்று காட்டுவதில் மும்முரமாக இருந்தவர், பாவம் என்று. முட்டாளோடு எத்தனை நாள் மல்லுக்கு நிற்பது?

போன வைகாசியில் உங்களைப் பார்க்க வந்தேன். படுக்கையில் இருந்தீர்கள். கழுத்து எலும்பு தூக்கி நின்றது. உங்கள் மருமகள் நாற்காலி போட்டார். உங்களுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. முகம் மலர்ந்தது.

"அன்னைக்கு மேடைல அழுதயே கண்ணு, சந்தோசத்துல. இன்னும் எனக்குக் கண்ணுக்குள்ளயே இருக்குது" என்றீர்கள்.

ஏன் அன்று சொன்னேன் என்று தெரியவில்லை. சாகப் போகிற மனிதர் என்று பார்த்திருக்கலாம். "கடுதாசில இருந்த நாளு முடிஞ்சு போயிருந்துச்சுங்க. அதுக்குத்தான் அழுதேனுங்க" என்றேன்.

மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். 

"தெரியுங் கண்ணு" என்றீர்கள்.

"எப்பத் தெரியுமுங்க?"

"படிக்கறப்பத்தான். அந்த வரிக்கு வந்ததும் பாத்துட்டேன். அதுக்குள்ள சனம் தட்ட ஆரம்பிச்சிருச்சு. அத்தன பேரு கை தட்டறப்ப எப்புடி நிறுத்தறது? நீயே சொல்லு."

தமிழில் சொல்லாமல் தாண்டிப்போன அந்த வரி, உயர்ந்த குரல், தோளில் விழுந்த கை, ஊஞ்சல், டீச்சரின் மாற்றல் எல்லாம் அந்த நாற்காலியில் வைத்து எனக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தன. உங்களை மன்னிப்பதற்கு நான் வைத்திருந்த ஒரே காரணத்தையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் நீங்கள் போய்விட்டதாகச் சொன்னார்கள். சாவுக்கு வரவில்லை.

ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அன்று மேடையில் நானும்தானே நிறுத்தவில்லை? தேதி தெரிந்த பிறகு ரிப்பனைக் கீழே போட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். டீச்சர் கையைக் கீழே போட்டாரே. பதினாறு வயதுக்காரிக்கு அது முடியாது என்று பிறர் சொல்லலாம். நான் சொல்லிக்கொள்வதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பள்ளிக்கூடப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறேன். போன மாதம் பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் ஒரு விழா. போட்டியெல்லாம் முடிந்து பரிசு கொடுக்கும் நேரம். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். ஜெயித்த பெண்ணை அவருக்காக இன்னொரு தடவை ஆடச் சொல்லி மைக்கில் அறிவித்துவிட்டார்கள். பதினோரு வயது இருக்கும். ஒரு கால் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்ததை நான் முன்பே பார்த்திருந்தேன். அவள் விரிப்பின் நடுவில் வந்து நின்று சிரித்தாள். கூட்டம் கை தட்ட ஆரம்பித்தது.

நான் எழுந்து போய் அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றேன். "எறங்கு சாமி, போதும்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கையைப் பிடித்துக் கூட்டி வந்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன். விழாக்காரர் ஒருவர் ஓடிவந்து ஏதேதோ சொன்னார். பின்வரிசையில் சிலர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கைதட்டல் தானாக நின்றுவிடுகிறது, தலைவரே. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.